கார்த்திகை வெள்ளமும் வைகாசி உவரும்

2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2024 இல் ஃபெங்கல், 2025 இல் டித்வா. வடபகுதியை வெள்ளத்தில் ஆழ்த்திய இந்த நான்கு புயல்களும் கார்த்திகை மாதத்திலேயே வந்தன. ஒவ்வொரு தடவையும் அழிந்த வயல்களின் படங்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டோம். நட்டஈடு பற்றி எழுதினோம். வைகாசியில் கிணறுகள் உவர்த்தபோது அதை வேறொரு செய்தியாக உள்பக்கத்தில் போட்டோம். இரண்டும் ஒரே செய்தியின் இரு பாதிகள் என்பதைச் சொல்லத் தவறினோம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. எமக்கு வாய்த்த பெரிய நீர்த்தேக்கம் காலடியில் உள்ள சுண்ணாம்புக்கல்தான். மாரி மழை அதன் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லைபோல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். மழை பல வாரங்கள் பரந்து பெய்தால் நிலம் குடிக்கும். மூன்று நாளில் கொட்டித் தீர்த்தால் பெரும்பகுதியைக் கடல் குடிக்கும். புவி வெப்பமடைய வளி கூடுதலான நீராவியைச் சுமக்கிறது. கடும்மழை மேலும் கடுமையாகிறது. கடல் மட்டமும் உயர்கிறது.

"மழை இல்லையெண்டு சொல்லேலாது தம்பி, வாற விதந்தான் பிழை" என்றார் வலிகாமத்து முதிய தோட்டக்காரர் ஒருவர்.

ஆயினும் பழி முழுவதையும் வானத்தின் மீது சுமத்துவது நியாயமன்று. துலா மிதித்த காலத்தில் இறைப்புக்கு மனித உடலே எல்லையாக இருந்தது. இயந்திரம் வந்ததும் அந்த எல்லை போயிற்று. 1970 களின் இறக்குமதிக் கட்டுப்பாடு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை தந்தது. குழை தாழ்த்திய செம்மண்ணில் யூரியா மூட்டைகள் அவிழ்ந்தன. பயிர் உண்ணாத நைதரசனில் ஒரு பகுதி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. இன்னொரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக வானேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும். ஆக, தேவைக்கு மேல் இடும் ஒவ்வொரு பிடி யூரியாவும் எம் கிணற்றையும் வானத்தையும் ஒருங்கே கெடுக்கிறது.

இதற்குத் தடை தீர்வாகாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்திய அரசு, விளைச்சல் வீழ்ந்ததும் அதே ஆண்டிலேயே பின்வாங்கியது. விவசாயியிடம் எஞ்சியது கடனும் அவநம்பிக்கையுமே. மண்ணைப் பரிசோதித்து அளவு சொல்ல அலுவலர் வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம் வேண்டும். மாறுகின்ற ஓரிரு போகங்களில் வருமானம் குறைந்தால் தாங்கும் காப்புறுதி வேண்டும். இவை இல்லாமல் அறிவுரை மட்டும் கூறுவது அநீதி.

நீர்ப்பக்கத்தில் செய்யவேண்டியது புதிதன்று. குடாநாட்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர்வார வேண்டும்; அவற்றில் குப்பை கொட்டுவதையும் மதில் கட்டுவதையும் நிறுத்தவேண்டியவர்கள் நாமே. வழுக்கையாற்றின் வழியைத் திறந்து வைத்தலும், தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளைப் பழுதின்றிப் பேணுதலும் அவசியம். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி வடமராட்சிக்குக் கொணரும் திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 இல் முன்வைத்தார். அது இன்னும் முழுமை பெறவில்லை. தாளையடியில் 2024 இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் குடிக்க நீர் தரும். வெங்காயப் பாத்திக்குத் தராது.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊரில் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் வாரி வழங்குகிறார்கள். அக்கோயிலின் கேணியையும் அயலிலுள்ள குளத்தையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். கார்த்திகை வெள்ளத்தில் ஒரு பங்கையேனும் நிலத்துக்குள் இறக்கிவிட்டால், வைகாசியில் தோட்டக்காரர் உவர்நீரை இறைக்க வேண்டியிராது.