பழைய வில்லும் அதற்கேற்ற நாணும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கழுவேலிப் பக்கமாக நடந்து செல்வோர்க்கு, முட்புதர்களின் நிழலில், வாள் போன்று தடித்து நீண்ட இலைகளையுடைய செடியொன்று தென்படும். அதுவே மரல். ஆங்கிலேயர் இதன் இனத்திற்கு ‘வில்நாண் சணல்’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். வடமொழியாளர் இதனை மூர்வை என்பர். நாணுக்கு அம்மொழியில் வழங்கும் மௌர்வீ என்னும் சொல் இச்செடியின் பெயரிலிருந்து பிறந்ததேயாம். காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், குமிழங் கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் இசைக்கும் இடையன் ஒருவன் வருகின்றான். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம் மரக்காணமே என்று கருதும் அறிஞரும் உளர். ஆதலின் நார் திரித்து நாண் பூட்டும் செய்தி இப்பக்கத்தார்க்குப் புதியதன்று.

இப்பெருமையை முன்னிட்டு நண்பர் சிலர், பரணிலிருந்தோ ஏலத்திலிருந்தோ கைக்கு வந்த பழைய விற்களுக்கு மரல் நாரையே நாணாகத் திரிக்கலாம் என்கின்றனர். வேறு சிலரோ, இக்காலத்து இழைகளுள் மிக வலியது எதுவோ அதனையே பூட்டுதல் நன்றென்பர். இவ்விரு கட்சியாரும் நாணின் வலிமை ஒன்றனையே நோக்குகின்றனர். வில்லின் நிலையை நோக்கினாரில்லை.

ஈண்டுப் பழைய வில் என்றது, 1950-ஆம் ஆண்டுக்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காலம் மேலைநாட்டுத் தொழிற்சாலைகளில் மரத்தகடும் கண்ணாடி நார்த்தகடும் சேர்த்து ஒட்டிச் செய்யப்பெற்ற, நுனி முன்னோக்கி வளைந்த ‘ரிகர்வ்’ விற்களையாம். அவை செய்யப்பட்ட காலத்தில் வழங்கிய நாண் பெரும்பாலும் டாக்ரான் என்னும் பாலியெஸ்டர் இழையாலாயது. இப்பாலியெஸ்டர், 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டது. அதன் இயல்புக்குத் தக்கபடியே அவ்விற்களின் நுனியும், நாணின் கண்ணி பொருந்தும் குதையும் அமைக்கப்பட்டன.

அவ்வியல்பு யாதெனின், இழுபட்டபோது சிறிதே நீளுதல். அம்பு விடுபடும் கணத்தில் வில்லின் இரு தண்டுகளும் விசையோடு முன்னே பாய்கின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்துவது நாணே. டாக்ரான் அவ்வேளையில் சற்று நீண்டுகொடுத்து அதிர்ச்சியைத் தானே ஏற்றுக்கொள்ளும். 1980-க்குப் பின் வில்லாளரிடையே பரவிய ‘ஃபாஸ்ட் ஃப்ளைட்’, ‘டைனீமா’ முதலிய இழைகளோ நீளுதல் மிகக் குறைவு. பாய்ந்து வரும் தண்டுகள் சுவரில் மோதினாற்போல் நின்றுவிட, அவ்வதிர்ச்சி முழுதும் குதைக்கும் ஒட்டுக்கும் செல்லும். மேலும் இவ்விழை வலியதாதலின் நாணை மெல்லியதாகத் திரிப்பர். அவித்த முட்டையை நூல் அறுப்பதுபோல் அம்மெல்லிய கண்ணி குதையை அறுக்கும். இக்காலத்து விற்களுக்கு நுனியில் வலிய தகடு வைத்துக் கட்டியிருப்பதால் அவை தாங்கும். பழையன தாங்கா.

யான் கண்டதொன்று கூறுவேன். கடற்கரையூர் இளைஞர் ஒருவர், தூண்டிலுக்கு விற்கும் பின்னல் நூலும் டைனீமா இனத்ததே என்றறிந்து, அதனைப் பலமுறை மடித்து நாணாக்கி ஒரு பழைய வில்லிற் பூட்டினார். பத்துப் பன்னிரண்டு அம்புகள் நன்றாகவே சென்றன. அதன்பின் மேல்நுனி பிளந்து சிம்பு தெறித்தது. அவர் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தமையாற் கண் தப்பியது. கண்ணாடியில் விழுந்த கீறலை எனக்குக் காட்டினார். வலைக்கடை நைலான் கயிறும் ஆகாது. அது அளவுக்கு மீறி நீளும். நாண் தளர்ந்து கையிலடிக்கும், அம்பும் குறியிற் செல்லாது.

மரல் நாரை யான் இகழ்கின்றேன் அல்லேன். இதன் கயிறு 120 இராத்தல் தாங்க, அதே பருமனுள்ள ருஷ்யச் சணற்கயிறு 105 இராத்தலே தாங்கியது என்று 19-ஆம் நூற்றாண்டின் நார்ப்பயிர் நூல்கள் குறித்துள்ளன. ஆயினும் கையால் உரித்துத் திரித்த நார் ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும்; மெலிந்த இடம் எதுவென்று அறுந்தபின்னரே தெரியும். நாண் இடையில் அறுமாயின், அம்பு தொடாமல் நாணை இழுத்துவிட்டதனோடொத்த கேடு வில்லுக்கு நேரும். எங்கள் உப்புக்காற்றில் இயற்கை நாரெல்லாம் ஈரம் ஏற்று மாறிக்கொண்டேயிருக்கும் என்பது சேர்த்தெண்ணத் தக்கது.

ஆகவே பழைய வில்லுக்கு ‘பி-50’, ‘பி-55’ என்னும் பெயர்களால் விற்கும் பாலியெஸ்டர் நாணே தக்கதென்பது என் துணிபு. 40 இராத்தல் இழுவிசையுள்ள வில்லுக்கு 12 இழையும், 50 இராத்தலுக்கு 14 இழையும் வில்லாளர் பலர் கொள்ளும் அளவு. நாணின் நீளம் வில்லின் மேல் எழுதிய நீளத்தினும் 3 அல்லது 4 அங்குலம் குறைந்திருத்தல் வேண்டும். எழுத்து அழிந்துபோயிருப்பின் ஊகித்துப் பூட்டாமல், அறிந்தாரிடம் காட்டுக. உப்பளக்கரையில் எய்வோர் மற்றொன்றும் கருத வேண்டும்: காற்றில் வரும் உப்பு இழைகளினிடையே படிந்து மணியாகி, நாண் அசையுந்தோறும் உள்ளேயிருந்து அராவும். நல்ல நீரில் நனைத்த துணியாற் துடைத்து, உலர்த்தி, தேன்மெழுகு தேய்த்தல் வேண்டும். கண்ணியருகே ஓரிழை அறுந்திருந்தாலும் அந்நாணைக் கழித்துவிடுக. அதன் விலை ஒரு தண்டின் விலையில் மிகச் சிறிய பங்கே.

புதிய இழையால் அம்பு விரைந்து செல்லுமே என்பர். செல்லும், ஆயினும் மிகுதியாகும் வேகம் சிறிதே. கண்ணியை மட்டும் பல இழை சேர்த்துத் தடிக்கச் செய்து, புதிய இழையையே பழைய வில்லிற் பூட்டும் கைதேர்ந்தாரும் உளர். அவர்தம் வில் அவர்க்குரியது. பலர் கைமாறிப் பழகும் கல்லூரி வில்லில், பக்கத்தில் நிற்பவன் கண்ணையும் வைத்து அச்சோதனையைச் செய்ய யான் உடன்படேன்.

மரலை விரும்பும் நண்பர் மூங்கிலைப் பிளந்து நாட்டு வில்லொன்று வளைத்து, அதற்கு அந்நாரைத் திரித்துப் பூட்டட்டும். மழைக்காலத்தில் உப்பளத்து வேலை நின்றிருக்கும்போது அவர் இலைகளைப் பறித்துக் கல்லில் தட்டத் தொடங்குவாராயின், நார் உரிக்க யானும் வருவேன்.