தைத்தெடுத்த ஆன்டெனா



ஆன்டெனா என்றதும் மொட்டைமாடியில் நின்ற அலுமினியக் கம்பிகள்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். இந்த இதழின் அட்டைப்படக் கட்டுரை, துணியில் தைத்தும் பின்னியும் செய்கிற ஆன்டெனாக்களைப் பற்றியது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் வொலாக்கிஸ், அசிமினா கியூர்டி குழுவினர், வெள்ளி பூசிய செம்பு இழைகளைக் கொண்டு எம்பிராய்டரி மெஷினில் ஆன்டெனா தைத்தார்கள். 2016-இல் அவர்கள் எட்டிய துல்லியம் 0.1 மில்லிமீட்டர்.

அவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஆன்டெனாவின் அளவு மாறினால் அது பிடிக்கும் அலைவரிசையும் மாறிவிடும். புளூடூத், வைஃபை இயங்கும் 2.45 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே சுமார் 12 சென்டிமீட்டர்தான். துணியோ மடங்கும், இழுபடும், வியர்வையில் நனையும். ஈரம் ஏறினால் அலைவரிசை கீழே இறங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் தையல்காரரின் பிரஸ் பட்டனையே கையில் எடுத்தார்கள். ஆன்டெனாவின் அடித்துணி சட்டையிலேயே இருக்கும். மேல்துண்டைக் கழற்றி வேறொன்றை அழுத்தி மாட்டினால் போதும். அலைவரிசையோ அலை அதிரும் திசையோ மாறிவிடும். துண்டைப் பிடித்து நிறுத்துவது, மின்சாரத்தைக் கடத்துவது என இரண்டு வேலையையும் அந்தப் பட்டனே செய்கிறது. சர்க்யூட்டைத் தொடாமல், உடுத்துபவரே ஆன்டெனாவை மாற்றிக்கொள்ளலாம்.

என் மனதை முழுதாகக் கவர்ந்தது ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் உருவான வயிற்றுப்பட்டை. மின்கடத்தும் நூலைக் கம்ப்யூட்டர் பின்னல் மெஷினில் பின்னி, கர்ப்பிணிகளுக்காகச் செய்தது. கருப்பை சுருங்கும்போது வயிறு இறுகும், பட்டை இழுபடும், அதிலுள்ள ஆன்டெனாவின் வடிவம் மாறும். ஆன்டெனாவோடு இணைந்த, பேட்டரி இல்லாத சிறு ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் அடையாளம் காட்டும்) சில்லு திருப்பி அனுப்பும் சிக்னலும் அதற்கேற்ப ஏறி இறங்கும். அந்தச் சிக்னலை ஒரு கருவி படித்துக்கொள்ளும். மற்றவர்கள் தடுக்கப் பாடுபட்ட இழுபடுதலையே இவர்கள் செய்தியாக்கிவிட்டார்கள். பிரசவ வலியில் வயர்களோடு கட்டிலில் கிடக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வயர் இல்லாவிட்டால் அவர்கள் எழுந்து நடக்கலாம், வசதிப்படி திரும்பிப் படுக்கலாம்.

ஆனால், மூச்சுவிடும்போதும் பட்டை அசையும். வலியின் சிக்னலை அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினமான வேலை. அடிக்கடி துவைத்தால் நூலின் உலோகப் பூச்சு தேயும் என்பது இன்னொரு கவலை. பின்னலாடை, சாயத் தொழில்களில் இருக்கும் வாசகர்கள் இதைப் பற்றி அவசியம் எழுதுங்கள். உங்கள் அனுபவத்துக்கு அடுத்த இதழில் தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்