போருக்குப் பெருக்கிய பணமும் பெற்றோல் வரிசையும்

1971 ஒகஸ்ட் 15, ஞாயிறு இரவு. அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, அவுன்சுக்கு 35 டொலர் விலையில் பிறநாட்டு அரசுகளுக்குத் தங்கம் வழங்கிவந்த உறுதிமொழியை நிறுத்தினார். அதே உரையில், நாடெங்கும் கூலியையும் விலையையும் 90 நாட்களுக்கு உயரவிடாது தடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கு சுதந்திரவாதக் கட்சி தோன்றியதற்கு அவ்விரவின் அதிர்ச்சியும் ஒரு காரணம்.

தங்கம் ஏன் போதவில்லை? வியட்நாம் போரையும் உள்நாட்டுப் பெரும் நலத்திட்டங்களையும் ஒருங்கே நடத்திய ஜோன்சன், அவற்றுக்குரிய வரியை உரிய காலத்தில் கேட்கத் துணியவில்லை. 10 வீத மேலதிக வருமான வரி 1968இல்தான் வந்தது. போருக்கென வரி கேட்டால் மக்கள் எதற்கென்று வினவுவர். பணத்தைப் பெருக்கிச் செலவிட்டாலோ, விலையேறிய பின் கடைக்காரரையே ஏசுவர். நிக்சனும் கடைக்காரரைத்தான் கூண்டில் நிறுத்தினார்.

1973 ஒக்டோபரில் இஸ்ரேலுக்கு 220 கோடி டொலர் இராணுவ உதவியை அவர் கோரியதும், சவூதி அரேபியா அமெரிக்காவுக்கான எண்ணெயை நிறுத்தியது. விலை உலகெங்கும் ஏறியது. ஆனால் அமெரிக்கப் பெற்றோல் நிலையங்களில் வாகனங்கள் மணிக்கணக்கில் காத்துநின்றதற்கு, எண்ணெய்மீதிருந்த விலைக்கட்டுப்பாடே பெருங்காரணம். ஏனைய பொருட்களுக்கு 1974இல் ஒழிந்த அக்கட்டுப்பாடு எண்ணெய்க்கு 1981 ஜனவரி வரை நீடித்தது. வெளியுறவுத் தலையீட்டின் விலையை உள்நாட்டுத் தலையீடு மறைக்க முயன்றது, மறைந்தது பெற்றோல்தான்!

அரசு ஒதுங்கினால் வலியவன் எளியவனை விழுங்குவான் என்று எம்மவர் பலர் அஞ்சுவர். வெறும் அச்சமன்று அது. ஆயினும் படையையும் பணம் அச்சிடும் உரிமையையும் ஒரு கையில் வைத்திருப்பவனைவிட வலியவன் எவன்?

1990களில் இலங்கை அரசு வடக்கின்மீது விதித்த பொருளாதாரத் தடையில், பற்றரி கிடையாமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். அதே ஆண்டுகளில், 1990 முதல் 2003 வரை, ஈராக்கிய மக்கள் ஐ.நா. தடையில் வாடினர், சதாம் உசேனின் அரண்மனைகள் வாடவில்லை. அத்தடையை முன்னின்று காத்த நாடுகளிலும் நம்மவர் வரி செலுத்தி வாழ்ந்தனர். நாம் எத்தனை பேர் வாய்திறந்தோம்?

இன்று இலங்கைமீது தடை கோரி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதும் பெற்றோரும் இளையோரும், எத்தகைய தடையைக் கேட்கிறோம் என்பதை முதல் வரியிலேயே எழுதுதல் வேண்டும். கட்டளையிட்டவர்களின் சொத்தை முடக்குவதா, ஊர்ச்சந்தையை மூடுவதா? 2023 ஜனவரியில் கனடா நால்வர்மீது மட்டும் விதித்தது முதல் வகைத் தடை.