விதைநெல்லும் வைத்தியசாலையும்

2002 ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சில மாதங்கள் கழிந்திருந்த வேளை, வடபகுதியின் ஆதார வைத்தியசாலை ஒன்றைப் பற்றி எழுதுவதற்காக அங்கு சென்றிருந்தேன். வைத்தியர் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு, ஒழுகும் கூரை என வழமையான விடயங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு புறப்படும் நேரத்தில், மருந்து கொடுக்கும் யன்னலருகே ஒரு மூதாட்டியைக் கண்டேன். தன் கையிலிருந்த சிறிய கடதாசிப் பையை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், பிறைநிலா என மூன்று படங்கள் ஊதா மையில் பதிக்கப்பட்டிருந்தன. உதிக்கும் சூரியனின் கீழே ஒரு கோடு. நிலாவின் கீழே இரண்டு கோடுகள். காலையில் ஒரு குளிசை, இரவில் இரண்டு. எழுத வாசிக்கத் தெரியாத அவருக்கு அது தெளிவாக விளங்கியிருந்தது.

அந்த முத்திரையைச் செய்வித்தவர் அங்கு பணியாற்றிய மருந்தாளரான பெண். நீரிழிவுக் குளிசையை நேரம் மாறி விழுங்கி மயங்கி விழுந்த ஒருவரை மீண்டும் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்த பின்னர், பட்டினத்தில் இறப்பர் முத்திரை செய்யும் கடையொன்றில் தன் பணத்தைக் கொடுத்து அதைச் செய்வித்திருக்கிறார். பாராட்டினார்களா என்று கேட்டேன். சிரித்தார். "இதை அடிக்கச் சொல்லி ஆர் உத்தரவு தந்தது எண்டு கந்தோரில கேட்டவை, ஐயா. என்ர காசிலதான் செய்வித்தனான் எண்டு சொன்னன். அதுதான் பெரிய பிழையாம்" என்றார்.

ஒரு வருடத்தின் பின்னர் மீண்டும் அங்கு போனபோது அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றிருந்தார். முத்திரை அவருடைய சொந்தப் பொருள். ஆகவே அதுவும் அவருடனேயே போய்விட்டது. யன்னலில் பழைய கிறுக்கல் எழுத்து மீண்டிருந்தது.

இருபது வருடங்களுக்கு மேலாக இச்சம்பவம் என் மனதில் கிடக்கிறது. நோயாளிக்கு மிக அருகில் நிற்பவருக்கே எங்கே பிழைக்கிறது என்பது முதலில் தெரிகிறது. அதைத் திருத்தும் வழியும் பல வேளைகளில் அவருக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் அதைச் செய்து பார்ப்பதற்கு அவரிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஊழியர்களின் இத்தகைய எண்ணங்களுக்கென வைத்தியசாலையே தன் நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைப்பதை முகாமைத்துவத்துறையினர் உள்ளக விதைநிதி என்பர். நம்மவர்க்கு இது புதிய கருத்தன்று. எவ்வளவு வறுமை வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சாப்பிடாத விவசாயிகளின் வழிவந்தவர்கள் நாம்.

இதனைப் பெரிய அளவில் செய்து பார்த்த நிறுவனங்களில் ஒன்று, அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான அரச சுகாதார சேவையாகும். சுமார் 170 வைத்தியசாலைகளைக் கொண்ட இச்சேவை 2014 இல் பெரும் அவமானத்துக்கு உள்ளானது. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில், நோயாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்ததை மறைப்பதற்காகக் காத்திருப்போர் பட்டியல்கள் திரிக்கப்பட்டமை அம்பலமாயிற்று. துறைக்குப் பொறுப்பான எரிக் ஷின்செகி அவ்வாண்டு மே மாதம் பதவி விலக நேர்ந்தது. இத்தகைய நிலையில் அரசுகள் வழமையாகச் செய்வது ஆணைக்குழு அமைப்பதும் புதிய சுற்றறிக்கை அனுப்புவதுமே. அங்கும் அவை நடந்தன. ஆனால் இன்னொன்றும் நடந்தது. 2015 அளவில், ஊழியர்களிடமே தீர்வுகளைக் கேட்கும் புத்தாக்க வலையமைப்பொன்று தொடங்கப்பட்டது.

அதன் நிதி முறை எளிமையானது. பொறி, விதை, பரவல் என மூன்று படிகள். முதற்படியில் ஓர் எண்ணம் சரிவருமா என்று பார்ப்பதற்கு மட்டும் சிறுதொகை. சரிவந்தால், ஓரிடத்தில் அதை ஒழுங்காக நிலைநிறுத்துவதற்கு அடுத்த தொகை. அதன் பின்னரே ஏனைய வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்வதற்கான உதவி. இதற்குச் சமாந்தரமாக ஒரு போட்டியும் நடத்தப்பட்டது. ஏற்கெனவே ஓரிடத்தில் வெற்றி கண்ட நடைமுறையைத் தம்மிடத்துக்குக் கொண்டுவர விரும்பும் வைத்தியசாலைப் பணிப்பாளர்கள், அதற்கெனத் தாம் எத்தனை ஊழியரை, எவ்வளவு நேரத்தை ஒதுக்குவோம் என்று ஏலம் கேட்கவேண்டும். மேலிருந்து கட்டளை வந்து ஏற்பதற்கும், தானே கேட்டு வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அரச சேவையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அச்சேவையில் இவ்வாறு பரவிய நடைமுறைகளுள் ஒன்று பல் துலக்குவது. வேர்ஜீனியா மாநிலத்தில் சேலம் என்றொரு நகர் உண்டு. தமிழ்நாட்டுச் சேலம் அன்று. அங்குள்ள வைத்தியசாலையில், வேறு நோய்க்காக அனுமதிக்கப்பட்ட முதியவர்கள் விடுதியில் இருக்கும்போதே நியூமோனியாவுக்கு ஆளாவதைத் தாதி ஆய்வாளர் ஒருவர் கவனித்தார். வாயில் பெருகும் கிருமிகள் சுவாசப்பைக்குள் இறங்குவது அதற்கு ஒரு முக்கிய காரணம். எனவே ஒவ்வொரு நோயாளரின் பற்களும் நாளாந்தம் முறையாகத் துலக்கப்படுவதைத் தாதியரின் பணியில் நிரந்தர அங்கமாக்கினார்கள். முன்னோடித் திட்டத்தில் இந்நோய் 92 சதவீதத்தால் குறைந்தது. 19 மாதங்களில் 13 உயிர்கள் காக்கப்பட்டதாகவும் 28 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செலவு தவிர்க்கப்பட்டதாகவும் மதிப்பிட்டு 2018 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். செலவான பொருள் பல்துலக்கியும் பற்பசையும்.

இதே சேவையின் பொஸ்டன் வைத்தியசாலையில், போதைமருந்து மிகையால் மூச்சடங்குபவரை மீட்கும் நலொக்சோன் என்ற மருந்தை, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி தொங்கும் சுவர்ப்பெட்டிகளுக்குள்ளேயே வைத்தார்கள். பெட்டி முன்பே சுவரில் இருந்தது. மருந்தும் முன்பே களஞ்சியத்தில் இருந்தது. இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்கவேண்டும் என்பது மட்டுமே புதிது.

அமெரிக்காவிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லையே என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு அருகில் உள்ள உதாரணம், இலங்கைத் தமிழர் பலரும் சிகிச்சைக்குச் சென்றுவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. தன் ஊழியர்களினதும் பட்டப்பின்படிப்பு மாணவர்களினதும் ஆய்வுகளுக்கு அது தன் உள்நிதியிலிருந்தே சிறுதொகைகளை வழங்கி வந்திருக்கிறது. அங்கிருந்து வெளிவந்த எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளின் இறுதியில் இந்நிதிக்கு நன்றி கூறும் வரியைக் காணலாம்.

இலங்கையிலும் திறமைக்குக் குறைவிருந்ததில்லை. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000 ஆம் ஆண்டில், அப்போதைய பணிப்பாளர் வைத்தியர் விமல் கரந்தகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளின் ஐந்து 'எஸ்' முறையைப் புகுத்தினார். வேண்டாததை அகற்று, வேண்டியதை ஒழுங்காக வை, துப்புரவு செய், அதை முறையாக்கு, பழக்கமாக்கு என்பதே அதன் சாரம். சிற்றூழியர் முதல் வைத்தியர் வரை சிறு குழுக்களாகக் கூடித் தத்தம் விடுதியின் குறைகளைத் தாமே திருத்தினர். இம்முறையை ஜப்பானின் சர்வதேச உதவி நிறுவனமான ஜைக்கா 2007 முதல் ஆபிரிக்காவுக்குக் கொண்டு சென்றது. தன்சானியா உட்படப் பதினைந்து நாடுகளின் சுகாதாரத் துறையினர் கொழும்பின் அனுபவத்திலிருந்து கற்றனர். நம்முடைய நாட்டின் எல்லா மாவட்டங்களும் அதே ஆர்வத்துடன் கற்றனவா என்பது வேறு கேள்வி.

இன்னொருவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. போத்தல் விளக்குக் கவிழ்ந்து எரிகாயமடைந்தவர்களுக்குச் சிகிச்சையளித்துச் சலித்த அவர், எளிதில் கவிழாத, கவிழ்ந்தாலும் உருளாத, எண்ணெய் சிந்தாத, திருகு மூடி கொண்ட கனத்த கண்ணாடி விளக்கொன்றை 1990களின் தொடக்கத்தில் வடிவமைத்தார். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக்கணக்கான வீடுகளை அவ்விளக்குச் சென்றடைந்தது. மின்சாரமும் இன்றி, மண்ணெண்ணெய்க்கும் தடை விதிக்கப்பட்டிருந்த 1990களின் யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் திரியிட்டுப் படித்த தலைமுறைக்கு அதன் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவர் ஒரு நிபுணர். விண்ணப்பம் எழுதவும், வெளிநாட்டுக் கதவுகளைத் தட்டவும், விடாப்பிடியாக நிற்கவும் அவரால் முடிந்தது. மருந்து யன்னலில் நின்ற அந்தப் பெண்ணால் முடியுமா?

நாட்டில் புத்தாக்குநர்களுக்கென ஓர் ஆணைக்குழு உண்டு. கண்காட்சிகளும் விருதுகளும் உண்டு. அவை பெரும்பாலும் காப்புரிமை பெறத்தக்க பொருட்களை நோக்கியவை. பல் துலக்கும் ஒழுங்குக்கும் சூரியன் பொறித்த முத்திரைக்கும் காப்புரிமை ஏது? மறுபுறத்தில், வைத்தியசாலைக்குள் ஒரு சதம் செலவழிப்பதற்கும் நிதிப் பிரமாணங்கள் குறுக்கே நிற்கின்றன. ஒதுக்கீட்டுத் தலைப்பில் இல்லாத எதையும் வாங்க முடியாது. டிசெம்பர் 31 இல் செலவாகாத பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும். செய்து பார்த்து வெற்றியளிக்காத முயற்சி, கணக்காய்வு வினாவாகத் திரும்பி வரும். எனவே ஒன்றும் செய்யாதிருப்பவரே பாதுகாப்பான உத்தியோகத்தர் ஆகிறார். கணக்காய்வாளரை நான் குறைகூறவில்லை. பொதுப்பணத்துக்குக் காவல் வேண்டும். தோற்பதற்கு உரிமையுள்ள ஒரு சிறு தொகையை முன்கூட்டியே வகுத்துக் கொடுத்தால், காவலும் கெடாது, முயற்சியும் சாகாது.

மருந்தே இல்லாத நாட்டில் புத்தாக்கம் ஒரு கேடா என்று கேட்பவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். 2022 ஏப்ரலில், பச்சிளம் குழந்தைகளின் சுவாசத்துக்கான குழாய்கள் முடிந்துபோகும் நிலையில், பயன்படுத்தியவற்றைச் சுத்திகரித்து வைக்கும் அவலம் நேர்ந்தது. மேலே நான் பெருமையுடன் குறிப்பிட்ட அதே காசல் வீதி வைத்தியசாலையில்தான் அதுவும் நேர்ந்தது. இல்லாமையால் செய்யும் கைச்சமாளிப்பைப் புத்தாக்கம் என்று கொண்டாடுவது கொடுமை. ஆனால் விதைநிதியின் தேவை இங்கேதான் கூடுகிறது. நிதியும் அனுமதியும் இல்லாத இடத்திலும் ஊழியர்கள் ஏதேனும் செய்துகொண்டேதான் இருப்பார்கள். அது மறைவாக, அச்சத்துடன், அளவீடு எதுவுமின்றி நடக்கும். நல்லது நடந்தால் அடுத்த விடுதிக்குத் தெரியாது; தீங்கு நடந்தாலும் தெரியாது. போர்க்காலத்தில் நம் வைத்தியசாலைகளின் தாதியரும் தொண்டர்களும் கண்ட எத்தனை வழிகள் எழுதப்படாமலே மறைந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். விதைநிதி வெறும் பணமன்று. செய்ததை மேற்பார்வையில் செய், எண்ணிப் பார், எழுதி வை என்ற நிபந்தனையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

எனது யோசனை பெரிதன்று. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஒரு சிறுதொகை. ஒரு பக்க விண்ணப்பம். முப்பது நாட்களுக்குள் பதில். முடிவெடுக்கும் குழுவில் பணிப்பாளரும் நிபுணர்களும் மட்டுமன்றித் தாதியும் சிற்றூழியரும் நோயாளர் ஒருவரும் இருக்கவேண்டும். வெற்றியோ தோல்வியோ, முடிவு ஒரு பக்கத்தில் எழுதப்பட்டு ஏனைய வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்படவேண்டும். எண்ணம் யாருடையதோ அவரின் பெயர் அதில் இருக்கவேண்டும். அவர் இடமாற்றம் பெற்றாலும் முத்திரை யன்னலிலேயே இருக்கவேண்டும். தேசிய, போதனா வைத்தியசாலைகளை மட்டும் கவனித்துவிட்டு, மாகாண சபைகளின் கீழுள்ள ஆதார, பிரதேச வைத்தியசாலைகளை மறந்துவிடவும் கூடாது. ஏழைகள் முதலில் வந்து நிற்பது அங்கேதான்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் வைத்தியசாலைக்கு நீங்கள் மனமுவந்து அனுப்பும் இயந்திரங்கள் பல உயிர்களைக் காத்திருக்கின்றன. உதிரிப்பாகம் கிடைக்காமல் துணிபோர்த்தி மூலையில் நிற்கும் இயந்திரங்களையும் நான் கண்டிருக்கிறேன். அரசின் கடமையை நீங்கள் சுமக்கவேண்டியதில்லை. ஆனால் அடுத்த முறை ஊர்ச் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசும்போது, அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை அங்கு பணிபுரிவோர் தாமே கேட்டுச் செய்து பார்க்கும் முயற்சிகளுக்கென ஒதுக்க முடியுமா என்று ஆலோசியுங்கள். என்ன தேவை என்பதை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து தீர்மானிப்பதைவிட அது நன்று.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பல் துலக்குவதற்குத் துலக்கி மட்டும் போதாது, துலக்கிவிடும் கை வேண்டும். நூறு நோயாளருக்கு இரண்டு தாதியர் நிற்கும் விடுதியில் எந்த விதையும் முளைக்காது. 2022 இன் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையில் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களைத் தக்கவைக்கும் ஊதியத்துக்கும் ஆளணிக்கும் பதிலாக இதை நான் கேட்கவில்லை. எனினும் வெளியேறியோர் எல்லோரும் சம்பளத்துக்காக மட்டும் வெளியேறினர் என்று நான் நம்பவில்லை. தன் வேலையைச் சற்று நன்றாகச் செய்ய முயன்றதற்காக விளக்கம் கோரப்பட்ட ஒருவருக்கு, அங்கு தொடர்ந்து இருக்க என்ன பிடிப்பு இருக்கும்?

ஒரு பணிப்பாளர் நாளைக் காலையே தன் ஊழியர்களைக் கூட்டி, "உங்கள் விடுதியில் தினமும் உங்களை உறுத்துவது எது, அதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். கேட்பதற்குப் பணம் தேவையில்லை. பதில் வந்த பிறகு வெறுங்கையுடன் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பிடி விதைநெல்.