பால் பொங்கியதா, பொங்கித் தொலைத்ததா?

அடுப்பில் வைத்த பால் வழிந்து போனால் என்ன சொல்வீர்கள்? "பொங்கிவிட்டது" என்பீர்கள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட நாளாயிருந்தால் "பொங்கித் தொலைத்தது" என்பீர்கள். தைப் பொங்கலன்று மட்டும் யாராவது, "பால் பொங்கித் தொலைத்ததா?" என்று கேட்டுப் பார்க்கட்டும்! மாமியார் சும்மா விடுவாரா?

பால் ஒன்றுதான், பொங்கியதும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்ட சின்ன வினைச்சொல்லில் இருக்கிறது. 'தொலைத்தல்' என்றால் காணாமற் போக்குவது. இங்கே எதுவும் காணாமற் போகவில்லை. பேசுகிறவருடைய சலிப்பைத்தான் அது சொல்கிறது.

இப்படிப்பட்ட வினைகளை ஆராய்ந்து 1985-ல் ஒரு புத்தகமே எழுதியவர் மொழியியல் அறிஞர் இ. அண்ணாமலை. 1957-ல் அமெரிக்க அறிஞர் நோம் சோம்ஸ்கி வெளியிட்ட சிறு நூல், வாக்கியங்கள் எப்படி உருவாகின்றன என்ற கேள்வியை மொழி ஆராய்ச்சியின் நடுவில் கொண்டு வந்து வைத்தது. அந்த அலை வீசிய காலத்தில் சிகாகோ சென்று, 1969-ல் டாக்டர் பட்டம் பெற்றார் அண்ணாமலை. அவர் எடுத்துக்கொண்ட விஷயம் நம்முடைய பெயரெச்சம்!

'சமைத்த' என்ற சொல்லைப் பாருங்கள். சமைத்த அம்மா, சமைத்த குழம்பு, சமைத்த பானை, சமைத்த நாள் என்று எதோடும் அது சேருகிறது. இப்படிச் சேரும் பெயர்களை நன்னூல் ஆறு வகையாகப் பிரித்திருக்கிறது. 'பானையில்' என்பதிலுள்ள 'இல்' மறைந்து போனாலும் நமக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. ஆனால் தோழியோடு சினிமாவுக்குப் போன நீங்கள், "நான் சினிமாவுக்குப் போன தோழி" என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். அந்த 'ஓடு' மறைந்தால் பொருளும் மறைந்துவிடும். இதை உங்களுக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ஆயினும் நீங்கள் தவறுவதே இல்லை. சொல்லித் தராமலே தெரிந்திருக்கும் இந்த விதிகளைத் தேடிப் பிடிப்பதுதான் வாக்கிய ஆராய்ச்சி.

மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராகவும் அண்ணாமலை இருந்தார். 1992-ல் முதற் பதிப்பாக வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதைப் புரட்டினால், துணைவினைகளுக்கும் பொருளும் உதாரண வாக்கியமும் கிடைக்கும். ஆர். இ. ஆஷர் என்ற அறிஞரோடு சேர்ந்து, பிறநாட்டார் பேச்சுத் தமிழ் கற்பதற்கென்று 2002-ல் ஒரு பாடநூலும் எழுதினார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் தெரியுமா? சோழவரத்தில் ஒரு சகோதரி என்னிடம் வருத்தப்பட்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஏழாவது படிக்கும் பையன், "அம்மா, நீ பேசறது கொச்சை; உனக்கு இலக்கணமே தெரியாது" என்றானாம். அன்றிலிருந்து அவனுடைய தமிழ்ப் பாடத்தின் பக்கமே அவர் போவதில்லை.

அம்மா, உங்கள் பிள்ளை சொன்னதில் பாதிதான் சரி. பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும். அதை அவன் கற்றே தீரவேண்டும். ஆனால் உங்களுக்கு இலக்கணம் தெரியாது என்பது சுத்தப் பொய். கடல் கடந்து வருகிறவர்கள் புத்தகம் வாங்கிப் படிக்கும் தமிழை அவனுக்கு இலவசமாகக் கொடுத்தவர் நீங்கள்தான். பள்ளிக்கூடம் அதன்மேல் இன்னொரு மாடி கட்டுகிறது, அவ்வளவே. அஸ்திவாரம் போட்டவர் ஒதுங்கி நிற்கலாமா?

இன்றிரவு பாடப் புத்தகத்தோடு அவன் பக்கத்தில் உட்காருங்கள். "சோழவரம் ஏரி நிரம்பியது, ஏரி நிரம்பிவிட்டது - இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் வராது, தலையைச் சொறிவான். இருவருமாக யோசியுங்கள். பாடமும் நடக்கும், பயமும் போகும். அவனுக்குக் கொஞ்சம் மரியாதையும் வரும்!