ஸ்பான்சருக்கும் ஒரு ரெஃபரல் கேட்போம்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை மதியம். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் காலிறுதி, இந்தியா - கிரேட் பிரிட்டன். ஹாஸ்டல் டிவி ரூமில் இடமில்லாம பாதிப் பேர் மெஸ் தட்டோட வாசல்ல நின்னோம். 17-வது நிமிஷத்துல அமித் ரோஹிதாஸோட ஸ்டிக் பிரிட்டன் வீரர் முகத்துல பட்டது. வீடியோ அம்பயர் பார்த்தார். ரெட் கார்டு. மீதி நாற்பது நிமிஷத்துக்கு மேல பத்து பேரோட ஆடி, 1-1னு இழுத்துப் பிடிச்சு, ஷூட்-அவுட்ல 4-2னு ஜெயிச்சோம். ஸ்ரீஜேஷ் அன்னிக்கு கோல் முன்னாடி சுவர் மாதிரி நின்னார்.

ஜெயிச்ச பிறகும் சண்டை ஓயல. வேணும்னே அடிச்சாரா, ஸ்டிக்கைச் சுத்தும்போது தற்செயலா பட்டதா? ஹாக்கி இந்தியாவே புகார் கொடுத்தது. வீடியோ ரிவ்யூல ஒரே அளவுகோல் இல்ல, ஷூட்-அவுட் நேரத்துல போஸ்ட்டுக்குப் பின்னாடி இருந்து பிரிட்டன் கீப்பருக்கு கோச்சிங் நடந்தது, டேப்லெட் பயன்படுத்தினாங்கன்னு மூணு குற்றச்சாட்டு. ஆனா தடை நீங்கல. ரோஹிதாஸ் இல்லாம செமி ஃபைனல்ல ஜெர்மனிகிட்ட 2-3னு தோத்தோம். இன்னிக்கும் எங்க ரூமில் யாராவது அந்த மேட்ச்சை எடுத்தா, தூங்க ராத்திரி ரெண்டு மணி ஆகும்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் செமி ஃபைனலும் அப்படித்தான். நம்ம பெண்கள் அணிக்கு எதிரா ஆஸ்திரேலியா ஷூட்-அவுட்டோட முதல் வாய்ப்பைத் தவறவிட்டது. கடிகாரம் ஓட ஆரம்பிக்கலன்னு சொல்லி மறுபடி அடிக்க விட்டாங்க, கோல் ஆயிடுச்சு. தோத்த பிறகு சர்வதேச ஹாக்கி சம்மேளனம் மன்னிப்பு கேட்டது. நாலு வருஷம் ஆகியும் நாங்க இன்னும் மன்னிக்கல.

இதைக் குறையா சொல்லல. ஒரு அம்பயரோட முடிவை இவ்வளவு நுணுக்கமா பிரிச்சு மேயறதுதான் ரசிகனோட அழகு. பால் கால்ல பட்டாலே தப்பு கிடையாது, அதனால அந்த அணிக்கு ஆதாயம் இருந்தாதான் தப்புன்னு எங்க மெஸ்ல எல்லாருக்கும் தெரியும். பெனால்டி கார்னர்ல முதல் ஹிட் கோல் லைனைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சவன் கூட சொல்வான்.

என் கேள்வி வேற. இவ்வளவு கேள்வி கேட்கத் தெரிஞ்ச நாம, ஜெர்சியில் எழுதியிருக்கிற பேரைப் பத்தி ஏன் ஒரு கேள்வியும் கேட்கறதில்ல?

போன வருஷம் எங்க டீமுக்கு ஒரு ஸ்பான்சர் கிடைச்சாங்க. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி, பேர் வேண்டாம். கோல்கீப்பர் கிட், புது ஸ்டிக், ஜோனலுக்குப் போக வேன், எல்லாம் அவங்க செலவு. அதுவரைக்கும் எங்க கீப்பர் போட்டது நாலு பேட்ச் முன்னாடி ஒரு சீனியர் விட்டுட்டுப் போன பேடு. ஸ்ட்ராப் அறுந்து, ஷூ லேஸ் வெச்சு கட்டியிருப்பான். புது கிட் வந்த அன்னிக்கு அவன் அதை ரூமுக்கே எடுத்துட்டுப் போய் கட்டில்ல வெச்சுட்டு, அவன் கீழே படுத்தான்.

அதே கம்பெனியில் பணம் போட்டு, முதிர்வு தேதி தாண்டியும் கைக்கு வராம அலையறவங்க ஊர்ல இருக்காங்க. எங்க லெஃப்ட் ஹாஃபோட அம்மா அதுல ஒருத்தர். அவன் வீடு ஸ்ரீரங்கம். அம்மா வாரா வாரம் 1-ஆம் நம்பர் பஸ் பிடிச்சு அந்த ஆபீஸுக்குப் போய், அடுத்த வாரம் வாங்கன்னு கேட்டுட்டு திரும்பி வருவாங்க. இவன் அந்தப் பேரை நெஞ்சுல போட்டுட்டு ஆடணும். ஒண்ணும் சொல்லல. லேப்ல இருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் எடுத்து லோகோ மேல ஒட்டிக்கிட்டான்.

மேட்ச்ல கடைசி நிமிஷத்துல டி-க்குள்ள பால் அவன் கால்ல பட்டது. அம்பயர் பெனால்டி கார்னர் கொடுத்தார், கோல். 1-2னு தோத்தோம். காலேஜ் மேட்ச்ல ரெஃபரல் எல்லாம் கிடையாது, அம்பயர் சொன்னதுதான் முடிவு. முடிஞ்சதும் ஸ்பான்சர் தரப்புல போட்டோ கேட்டாங்க. டேப்பை எடுத்துட்டு நில்லு, இல்லன்னா ஓரமா இருன்னு அவன்கிட்ட சொன்னாங்க. அவன் ஓரமா போய், ‘குடுங்க, நான் எடுக்கறேன்’னு போனை வாங்கிக்கிட்டான்.

அந்தப் போட்டோ இப்போ ஸ்போர்ட்ஸ் ரூமில் ஃப்ரேம் போட்டு தொங்குது. அதுல லெஃப்ட் ஹாஃப் இல்ல.

திரும்பி வரும்போது வேன்ல ஒன்றரை மணி நேரம் பேசினோம். கால்ல பட்டதா, ஆதாயம் இருந்ததா, அம்பயர் எந்தக் கோணத்துல நின்னார். டேப்பைப் பத்தி ஒருத்தரும் பேசல. நானும் பேசல. இந்தக் கட்டுரை அதனாலதான்.

இது எங்க காலேஜ் கதை மட்டும் இல்ல. இந்திய ஹாக்கியே பல வருஷம் சஹாரா பேரோட ஆடிச்சு. 2012-ல் சஹாராவின் ரெண்டு கம்பெனிகள் முதலீட்டாளர்களுக்கு சுமார் 24,000 கோடி ரூபாய் திருப்பித் தரணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014 மார்ச்ல அதன் தலைவர் சுப்ரதா ராய் திகார் ஜெயிலுக்குப் போனார். அதே வருஷம் அக்டோபர்ல இன்சியான்ல பாகிஸ்தானை ஜெயிச்சு ஆசியத் தங்கம் வாங்கினோம். ஸ்பான்சர் அப்பவும் சஹாராதான். பணம் போட்டு ஏமாந்தவங்க வீட்லயும் அந்த ஃபைனலைப் பார்த்திருப்பாங்க, கை தட்டியிருப்பாங்க.

2024 டிசம்பர்ல ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ்னு நமக்கும் ஒரு டீம். அந்த சீசன்ல ஓனர் சார்லஸ் குரூப், அதாவது லாட்டரி தொழிலதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் மகன் ஜோஸ் சார்லஸ் மார்ட்டின். அப்பாவோட ஃப்யூச்சர் கேமிங் கம்பெனிதான் 1,368 கோடி ரூபாய்க்கு தேர்தல் பத்திரம் வாங்கி, 2024 மார்ச்ல வெளியான பட்டியல்ல முதலிடத்துல இருந்தது. தமிழ்நாட்டுல 2003-லேயே லாட்டரிக்குத் தடை. அப்பா தொழிலை வெச்சு மகனை எடை போடலாமா? நியாயமான கேள்வி. பத்திரம் வாங்கினதும் அப்போ சட்டப்படி சரிதான், 2024 பிப்ரவரியில்தான் அந்தத் திட்டமே செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. நான் தீர்ப்பு சொல்ல வரல. டிராகன்ஸ் மேட்ச் நடந்த அத்தனை நாள்லயும் எங்க ஹாஸ்டல்ல இந்தக் கேள்வியே வரலங்கறதைத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு. கலிங்கா லேன்சர்ஸ் டீமோட ஓனர் வேதாந்தா. தூத்துக்குடி ஸ்டெர்லைட் அவங்களோடது. 2018 மே 22 போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்தாங்க. தமிழ்நாட்டு ஹாக்கியோட நாற்றங்கால் கோவில்பட்டி, அதுவும் தூத்துக்குடி மாவட்டம்தான். ஏலத்துல யார் எடுக்கறாங்களோ அந்த ஜெர்சியைத்தான் போடணும். அந்த ஊர்ப் பையன் ஒருத்தனை லேன்சர்ஸ் எடுத்தா, அவன் எங்க டேப் ஒட்டுவான்?

சரி, அப்போ பணமே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்குத் தைரியமில்ல. செயற்கை டர்ஃப் போட கோடிக்கணக்குல ஆகும். கிரிக்கெட்டுக்கு ஸ்பான்சர் வரிசையில் நிக்கறாங்க, ஹாக்கிக்கு நாம போய் வாசல்ல நிக்கணும். இங்கேர்ந்து எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருக்கிற அரியலூர்ல இருந்து வந்த கார்த்தி செல்வம், 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி செமி ஃபைனல்ல சென்னையில ஜப்பானுக்கு எதிரா கோல் போட்டார். அந்த மாதிரிப் பசங்க மேல வர யாரோ ஒருத்தர் செலவு பண்ணித்தான் ஆகணும். சஹாராவுக்குப் பிறகு 2018-ல் ஒடிசா அரசு வந்தது, ஒலிம்பிக் மெடலும் வந்தது. அரசுப் பணம்னா சட்டசபையில் எழுந்து கணக்கு கேட்க ஒரு வழி இருக்கு. தனியார் பணத்துக்கு அந்த வழியை நாமதான் உண்டாக்கணும்.

லெஃப்ட் ஹாஃப் வீட்டுக்கு ஒருநாள் போயிருந்தேன். அவன் பாட்டி சொன்ன கதையை ஸ்ரீரங்கத்துல பாதிப் பேர் கேட்டிருப்பீங்க. திருமங்கை ஆழ்வார் நாகப்பட்டினத்துல இருந்த பொன் புத்தர் சிலையை எடுத்துட்டு வந்து, உருக்கி, கோயில் மதில் கட்டினார்னு குருபரம்பரைக் கதை. ஆலிநாடன் திருவீதி அவர் பேர்லதான் இருக்கு. ‘திருடின பொன்னா பாட்டி?’ன்னு கேட்டேன். ‘ஆமாம்டா, அப்படித்தான் சொல்லுவா. அதை மறைச்சுட்டு மதிலை மட்டும் சொன்னா அது கதையா?’ன்னாங்க.

எனக்கு அது போதும். அது சரியா தப்பான்னு ஊர் இன்னும் பேசிக்கலாம். ஆனா மதில் எங்கேர்ந்து வந்ததுங்கறதை இத்தனை நூற்றாண்டா யாரும் ஒளிச்சு வைக்கல. நாமளோ போன வருஷம் வந்த ஒரு கோல்கீப்பர் கிட் எங்கேர்ந்து வந்ததுன்னு பேச பயப்படறோம்.

அதனால ஸ்டூடன்ட்ஸ் ஸ்போர்ட்ஸ் கமிட்டிகிட்ட மூணே மூணு கேட்கறேன். ஒண்ணு, ஸ்பான்சர் யார், எவ்வளவு, பதிலுக்கு நாம என்ன தரோம்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. ரெண்டு, ரெஃபரல் மாதிரி ஒரு வாய்ப்பு கொடுங்க. யார் வேணும்னாலும் ஆதாரத்தோட ஆட்சேபம் சொல்லலாம்; கமிட்டி பார்த்து, முடிவையும் காரணத்தையும் எழுத்துல சொல்லணும். ஆட்சேபம் தப்பா இருந்தா வாய்ப்பு போச்சு, மைதானத்துல இருக்கிற அதே விதி. மூணு, லோகோ போட மனசு ஒப்பாதவனுக்கு அதே கலர்ல லோகோ இல்லாத ஜெர்சி ஒண்ணு கொடுங்க, கேள்வி கேட்காம.

ஸ்பான்சர் ஓடிடுவாங்களேன்னு கேட்பீங்க. மூணு கேள்விக்கு ஓடறவங்க, நம்ம டீமை நம்பி வந்தவங்க இல்ல.

ஜோனல் மறுபடி வருது. எனக்கும் அவனுக்கும் அதுதான் கடைசி. கால்ல பட்டதா இல்லையாங்கற சண்டையை வேன்ல தாராளமா போடலாம், நானும் முதல் ஆளா போடுவேன். ஆனா இந்தத் தடவை போட்டோவை வேற யாராவது எடுக்கணும்.