எட்டுச் சரக்கும் ஒரு காப்பும்

ஒரு கதவை மந்திரத்தால் பூட்ட 25 பொற்காசு பெறுமதியான தங்கத்தூள் வேண்டும் என்கிறது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் விதிநூல். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட மேசை விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி, நாலைந்து பேர் கூடிக் கதை வளர்ப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார்.

கையில் காசிருந்தால் தங்கத்தூள் கிடைத்துவிடும். தேடலுக்கு அங்கே வேலையில்லை. இதற்கு மாற்றாகக் கதை நடத்துபவர்கள் பலர் நாகத்தின் பல், பூதத்தின் கண்ணீர் என்று அபூர்வப் பொருள்களை அடுக்குகிறார்கள். அதுவும் சீக்கிரம் சலித்துவிடும். பல்லுக்குப் பதில் நகம் என்று மாற்றினாலும் கதையில் ஒன்றும் மாறாதே!

இலங்கையின் மலையகத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் தோட்டத்துக் கோயிலிலேயே இருக்கிறது. கும்பாபிஷேகத்தில் சிலையைப் பீடத்தோடு பிணைக்க அஷ்டபந்தன மருந்து சாத்துவார்கள். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் சேர்ந்தது அது. அரக்கைப் பூச்சி தருகிறது, குங்கிலியத்தை மரம் தருகிறது, மெழுகு தேனீயின் உழைப்பு. காவியும் சுக்கானும் மண்ணிலிருந்து வருகின்றன. இவற்றை இடித்து இடித்து, கையில் உருட்டும் பதத்துக்கு இளக்கி, சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே அடைப்பார்கள். அபிஷேக நீர் அடியில் இறங்காது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வேலை உண்டு. வெண்ணெய் குறைந்தால் கலவை இளகாது. மெழுகு குறைந்தால் நீர் கசியும்.

தேடல் கதைக்கு வேண்டியது இதுதான். எட்டில் ஏழு மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்று ஆடுபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கட்டும் மந்திரக் காப்பு முற்றாகத் தோற்காது. விடுபட்ட சரக்குக்கு ஏற்றபடி ஓரிடத்தில் பழுதாகும். எந்தப் பழுதைத் தாங்கலாம் என்று அவர்கள் வாதிடத் தொடங்கும்போது கதை சூடு பிடிக்கும்.

காப்புக்கு ஆயுளும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மருந்தைப் புதுப்பிப்பது வழக்கம். திருப்பணி நடக்கும்வரை தெய்வத்தைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் எழுந்தருளச் செய்வார்கள். பழைய கட்டு அவிழ்ந்து புதிய கட்டு இன்னும் விழாத அந்த இடைவெளியில் ஒரு முழுக் கதையையே நடத்தலாம்.

நுவரெலியாவுக்கு அருகே சீதா எலிய சீதையம்மன் கோயிலில் 2024 மே மாதம் நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியின் சரயு நதியிலிருந்து நீர் வந்தது. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத மலை அது. கோயிலை ஒட்டியே ஓடை பாய்கிறது. இருந்தும் அந்த நீர் கடல் கடந்து வந்ததற்குக் காரணம், அது சீதை வாழவந்த ஊரின் நீர் என்பதுதான். ஒரு பொருளின் மதிப்பு அதன் விலையில் இல்லாமல் உறவில் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. மருந்து தேடிய கதைக்கும் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு, ஹக்கலை. மூலிகையை அடையாளம் காணமுடியாமல் அனுமன் பெயர்த்துவந்த மலையின் துண்டு என்று வழிவழியாகச் சொல்லப்படும் இடம். அங்கே 1861இல் மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனாவை வளர்க்கத் தோட்டம் போட்டார்கள்; இன்றைய தாவரவியல் பூங்கா அதுதான்.

கோயில் காரியத்தை விளையாட்டாக்கலாமா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் தோட்டங்களில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடியவர்கள் தெய்வங்களைத் தங்கள் உடம்பிலேயே ஏற்றவர்கள். அருச்சுனன் தபசு பாசுபதாஸ்திரத்தைத் தேடிப் போனவனின் கதைதானே. பக்தி குறையாமல் ஆடமுடியும் என்று அந்தக் கலைஞர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். கருவறைச் சடங்கை அப்படியே மேசைக்குக் கொண்டுவராமல், அதன் அமைப்பை மட்டும் கடன் வாங்கினால் போதும்.

ஹட்டனில் ஓர் ஆசிரியர் இதைத் தொடங்குவதானால் முதல் கதைக்கு ரோதைமுனியை எடுத்துக்கொள்ளலாம். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களுக்குக் காவலாகத் தொழிலாளர் கும்பிடும் சாமி அது. கதையில் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது, காப்பு நெகிழ்ந்துவிட்டது. மருந்து இடிக்கத் தெரிந்த ஒரே பெரியவர் மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். ஏழு சரக்கு கையில் இருக்கிறது. எட்டாவதை எங்கே வாங்குவது என்பது அவருக்குத்தான் தெரியும். அவரோ தோட்டத்தோடு கோபித்துக்கொண்டு போனவர். கும்பாபிஷேகத்துக்கு முந்தி நடக்கும் எண்ணெய்க்காப்பில் லயத்துச் சனம் எல்லாம் வரிசையில் நின்று தங்கள் கையாலேயே சாமிக்கு எண்ணெய் சாத்துவதுபோல, கதையின் கடைசிக் காப்பையும் ஊர் முழுக்கத் தொட்டுத்தான் முடிக்கவேண்டும் என்று விதி வைக்கலாம். அப்போது அந்தப் பெரியவரைச் சமாதானப்படுத்தி அழைத்துவருவது ஆடுபவர்களின் பொறுப்பாகிவிடும்.